நாற்பது தோள்மாற்று

கொல்லிமலையில் நான் கம்பௌண்டராக இருந்த ஆறு வருஷங்களில் என்னிடம் மூன்று வியாதிகள் இருந்தன. மலைக்காய்ச்சல், வயிற்றுக் கடுப்பு, கணக்குப் போடுவது. முதல் இரண்டுக்கும் ஆஸ்பத்திரியிலேயே மருந்து இருந்தது. மூன்றாவதை நான் வியாதி என்றே நினைக்கவில்லை, அதனால் மருந்தும் தேடவில்லை.

ஆஸ்பத்திரி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அப்படிக் குண்டனி நாட்டில் ஓடு வேய்ந்த இரண்டு அறைகள், ஒரு அலமாரி, ஒரு மேஜை, ஒரு பெஞ்சு. டாக்டர் கீழிருந்து மாதம் ஒரு முறை டோலியில் வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான் டாக்டர். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்று செங்குத்தாக ஏறி வரும். அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், எனக்கு வரும் மருந்துப் பெட்டி எல்லாம் அந்த வழியாகத் தலைச்சுமையில்தான் வந்தாக வேண்டும்.

அளவை மாற்றுவது என் தொழில். அறுபது மினிம் ஒரு டிராம், எட்டு டிராம் ஒரு அவுன்ஸ். எட்டு பர்லாங் ஒரு மைல் என்பதும் எனக்கு அதே வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டரை நாழிகை ஒரு மணி. ஆகையால் மணிக்கு மூன்று மைல் நடக்கிறவன் ஒரு நாழிகையில் ஒரு மைலும் முந்நூற்றைம்பத்திரண்டு கெஜமும் நடப்பான். இது யாருக்கு வேண்டும் என்று கேட்டால், யாருக்கும் வேண்டாம். ஆனால் மாதாந்தர ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் இருந்தது: நோயாளி வந்த தூரம், ஆன நேரம், வேகம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு விட்டுவிடுவார்கள். நான் அதை நிரப்பியே தீருவது என்று இறங்கினேன்.

அதில் வந்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. மலைக்காரர்களுக்குத் தூரம் வேறு, நேரம் வேறு என்ற பேச்சே கிடையாது. வந்த புதிதில், காரவள்ளி எவ்வளவு தூரம் என்று ஒருவரிடம் கேட்டேன்.

"எறங்கறதுக்குங்களா, ஏறறதுக்குங்களா?"

"தூரம் கேட்டேன். ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றுதானே?"

"அதெப்படிங்க ஒண்ணாகும்? எறங்க அஞ்சு நாழிங்க. ஏற எட்டு நாழி ஆகுமுங்க."

பாதை ஒன்று, அளவு இரண்டு. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார் என்பது பிற்பாடு புரிந்தது. அந்தப் பாதை ஆறு மைல் என்பது எனக்குத் தெரியும். சர்வே ஆட்கள் சங்கிலி போட்டு அளந்து, மைலுக்கு ஒரு பாறையில் வெள்ளைச் சுண்ணாம்பில் எண் எழுதி வைத்திருந்தார்கள். ஐந்து நாழிகை என்றால் இரண்டு மணி நேரம். இரண்டு மணியில் ஆறு மைல் என்றால் மணிக்கு மூன்று. இப்படி ஒரு விடை வரும்போது எனக்குக் கிடைத்த சந்தோஷம், சம்பளத்தில்கூடக் கிடைத்ததில்லை.

காரவள்ளியில் சந்தை கூடும் நாள்களில் ஒரு லாரி வந்து நிற்கும். அடிவார ஊரைச் சேர்ந்த ஒரு ராவுத்தர் பலாப்பழமும் மிளகும் வாங்கிப் போவார். லாரி அவருடையது, ஓட்டுகிறவரும் அவரே. யுத்த காலம், பெட்ரோல் இல்லை, கரிப்புகையில் ஓடும் வண்டி. மணிக்கு எத்தனை மைல் ஓடும் என்று அவரிடமும் கேட்டேன். "கரி நல்லா காஞ்சிருந்தா ஒரு மூட்டைக்கு எங்க ஊருக்குப் போயிட்டுத் திரும்பலாமுங்க. ஈரமா இருந்தா நீங்க பின்னால தள்ளணும்" என்றார். அவரையும் விடாமல் விசாரித்து, மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் என்று ஒரு வழியாக நோட்டில் ஏற்றினேன். நல்ல மனிதர். என்னைக் காணும்போதெல்லாம், "இன்னிக்கி என்ன வேகமுங்க?" என்று கேட்டுக் கிண்டல் செய்வார்.

எனக்குக் கடைசிவரை பிடிபடாமல் இருந்தது டோலி. ஒரு மூங்கில், அதில் தொங்கும் கம்பளி, அதற்குள் நோயாளி. நான்கு பேர் வருவார்கள். இரண்டு பேர் தூக்குவார்கள், இரண்டு பேர் பக்கத்திலேயே நடப்பார்கள். தோள் கடுக்கத் தொடங்கியதும் நடையை நிறுத்தாமலே அடுத்த ஜோடி உள்ளே நுழைந்து மூங்கிலை வாங்கிக்கொள்ளும். அதற்குப் பெயர் தோள்மாத்து. எந்த ஊருக்கு எத்தனை தோள்மாத்து என்பது எல்லாருக்கும் மனப்பாடம். நோயாளி வீட்டு ஆள் ஒருவர் கூடவே வந்து, தோள் மாறும்போதெல்லாம் கற்றாழை நாரில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டே வரவேண்டும். இன்னும் எவ்வளவு தூரம் என்று டோலிக்கு முன்னால் வாய்விட்டுக் கேட்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கேட்டால் உள்ளே கிடப்பவன் மனசு விட்டுப்போகும். தூக்குகிறவர்கள் நாரைக் கையால் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் டாக்டரின் டோலி கூடவே கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். மலைமேல் சமநிலத்தில், வயலோரப் பாதையில் இரண்டு மைல். எட்டுத் தோள்மாத்து, நாற்பது நிமிஷம். அப்படியென்றால் ஒரு தோள்மாத்து இரண்டு பர்லாங், அதற்கு ஐந்து நிமிஷம், மணிக்கு மூன்று மைல். அன்று மாலையே நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். மலையில் புழங்கும் எல்லா வேகத்தையும் இங்கிலீஷ் வேகமாக மாற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

அதற்கு அடுத்த வருஷம் பலாப்பழக் காலத்தில், ஒரு சந்தை நாள் காலை, பெரக்கரை நாட்டு விவசாயி ஒருவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்பது வயது இருக்கும். இரண்டு மூன்று வருஷமாகக் குடலிறக்கம் உள்ளவர். துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, படுத்தால் உள்ளே போய்விடும் என்ற தைரியத்தில் சுமை தூக்கிக்கொண்டிருந்தார். அன்று சந்தைக்குப் பலாப்பழம் தூக்கும்போது குடல் இறங்கியது, திரும்பிப் போகவில்லை. முகமெல்லாம் வேர்வை. கூட அவர் மனைவியும் அவள் தம்பியும் வந்திருந்தார்கள். தம்பி இருபத்தைந்து வயது ஆள், காளை மாதிரி உடம்பு, அதிகம் பேசாதவன்.

"எப்போது இறங்கியது?" என்றேன்.

அவள் வெயில் எந்த மரத்தின் எந்தக் கிளையில் அடித்தது என்று சொன்னாள். மாற்றிப் பார்த்தேன், எட்டு மணி.

காலைத் தூக்கி வைத்து, ஈரத்துணி போட்டு, அபினி கலந்த மருந்து கொடுத்து, கையால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருந்தது ஒன்று: குடல் மாட்டிக்கொண்டால் ஆறு மணி நேரம், அதற்குள் கத்தி வைத்தால் பிழைப்பான், அப்புறம் கடவுள் விட்ட வழி. எட்டும் ஆறும் பதினான்கு, மத்தியானம் இரண்டு மணி. காரவள்ளியிலிருந்து கீழே டாக்டர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பத்து மைல். அன்றைக்கு லாரி காரவள்ளியில் நிற்கும். ஆனால் பதினொன்றரைக்கெல்லாம் கிளம்பிவிடும். நிறுத்தி வைக்கச் சொல்லி முன்னால் ஆள் அனுப்ப வேண்டும். எத்தனை மணிவரை நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. ஆறு மைல், மணிக்கு மூன்று, இரண்டு மணி நேரம். இல்லை, வேறு வழியில் போகலாம்: ஆறு மைல் நாற்பத்தெட்டு பர்லாங், இரண்டு பர்லாங்குக்கு ஒரு தோள்மாத்து, இருபத்திநாலு தோள்மாத்து, ஐந்து நிமிஷம் வீதம் நூற்றிருபது நிமிஷம். எந்த வழியில் போனாலும் ஒரே விடை. மணி பத்து. பன்னிரண்டுக்குக் காரவள்ளி, ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி. கையில் ஒரு மணி நேரம் மிச்சம்கூட இருந்தது.

லாரிக்காரருக்குச் சீட்டு எழுதினேன். எழுதியதை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தேன். "குடலிறக்க நோயாளி ஒருவரை டோலியில் அழைத்து வருகிறேன். பகல் பன்னிரண்டு மணிக்குக் காரவள்ளியில் இருப்போம். லாரியை நிறுத்தி வைக்கவும். பன்னிரண்டரைக்கு மேல் நிற்க வேண்டிய அவசியம் இராது."

அந்தக் கடைசி வரி எதற்கு என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டிருக்கிறேன். அவர் நேரத்தை வீணாக்காத ஆள் என்று காட்டிக்கொள்வதற்காக எழுதியது. வேறு ஒரு காரணமும் கிடையாது.

தம்பி சீட்டுக்குக் கை நீட்டினான். நீட்டியவன் நின்றான்.

"நாப்பதுங்க" என்றான்.

"என்ன நாற்பது?"

"காரவள்ளிக்கி டோலி நாப்பது தோள்மாத்துங்க."

"நான் அளந்து பார்த்தவன். இருபத்திநாலு. சும்மா நடந்தே ஐந்து நாழியில் இறங்குகிறீர்கள், ஐந்து நாழிக்கு எப்படி நாற்பது வரும்? கணக்குத் தெரியாமல் குறுக்கே பேசாதே. ஓடு."

சீட்டில் ஆஸ்பத்திரி முத்திரையைக் குத்தி அவன் கையில் திணித்தேன். அவன் தன் அக்காளை ஒரு தரம் பார்த்தான். அவள் புருஷனின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "வாரேனுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினான். ஓடினால் மூன்று நாழிகையில் கீழே போய்விடுவான், பதினொன்றே காலுக்குள் சீட்டு லாரிக்காரர் கையில் இருக்கும். அந்தக் கணக்கில் பிசகில்லை, அப்படியே போய்ச் சேர்ந்தான்.

கட்டிலைத் தூக்கி வந்தவர்களில் நான்கு பேர் டோலி கட்டிக் கிளம்பினார்கள். மனைவி நாரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். நான் பின்னால். முதல் மைல் மலைமேல் சமநிலம். சுண்ணாம்பு எண் ஒன்று எழுதிய பாறைக்கு வந்தபோது அவள் நான்காவது முடிச்சைப் போட்டாள். கடிகாரத்தைப் பார்த்தேன், சரியாக இருபது நிமிஷம். திருப்தியாக இருந்தது என்பதை மறைப்பானேன். உள்ளே ஒரு மனிதன் முனகிக்கொண்டிருக்க, எனக்குத் திருப்தியாக இருந்தது.

அதன்பின் பாதை இறங்கத் தொடங்கியது. இரண்டாவது பாறைக்கு வரும்போது எட்டு முடிச்சு இருக்க வேண்டும், பதினொன்று இருந்தது. மூன்றாவது பாறையில் பன்னிரண்டு இருக்க வேண்டும், நார் நீளமாகத் தொங்கியது. எண்ணினேன், பத்தொன்பது. மணி பதினொன்று முப்பத்தைந்து.

டோலிக்காரர்களில் மூத்தவர் அப்போது தோள் மாற்றிவிட்டு என் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். "ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். குரலில் அதிகாரம் இருந்திருக்கும்.

"மெதுவா இல்லீங்க சாமி. எறக்கத்துல முன்னால இருக்கறவன் தோள் மேல முழு ஆளும் வந்து ஒக்காந்துக்குமுங்க. கல்லுப் பாத்துக் கால் வெக்கணும். வழுக்குனா ஆளே போயிருமுங்க. தோள் தாங்கற நேரந்தானுங்க தோள்மாத்து. அந்த நேரத்துல எத்தனை அடி போனோம்னு யாருங்க எண்ணுனா?"

நான் நின்றுவிட்டேன். அவர்கள் கணக்கில் தோள்மாத்து நேரத்தின் அளவு. சமநிலத்தில் ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு அதைத் தூரமாக மாற்றி வைத்தவன் நான். மலை ஏற ஒரு கணக்கு, இறங்க ஒரு கணக்கு என்று அவர்கள் சொன்னது அறியாமை அல்ல. பாதை எவ்வளவு நீளம் என்பது அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை, எப்போது போய்ச் சேருவோம் என்பதுதான் தேவைப்பட்டது. நாற்பதை ஐந்தால் பெருக்கினால் இருநூறு நிமிஷம். ஒன்று இருபதுக்குக் காரவள்ளி.

இங்கே ஒன்றை எழுதிவிட வேண்டும். அந்த இடத்திலிருந்து கீழே மூன்று மைல். சுமையில்லாதவன் ஓடினால் பன்னிரண்டேகாலுக்குள் லாரியைப் பிடித்திருக்கலாம். டோலிக்காரர்களை விட முடியாது. நான் ஓடியிருக்கலாம். விழுந்து எழுந்து ஓடினாலும் பன்னிரண்டரைக்குப் போயிருப்பேன். நோயாளியை விட்டுப் போகக் கூடாது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நோயாளிக்கு அந்தப் பாதையில் நான் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. நான் ஓடினால் அந்த ஐந்து பேருக்கும் என் கணக்குத் தப்பு என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் ஓடவில்லை. "இனிமேல் பாதை நன்றாக இருக்கும், பிடித்துவிடலாம்" என்று சத்தமாகச் சொன்னேன். நான்காவது பாறைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. இனி ஓடியும் பிரயோஜனமில்லை.

ஒன்று இருபதுக்குக் காரவள்ளி போய்ச் சேர்ந்தோம். மனைவி நாற்பதாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். லாரி நின்ற இடத்தில் பலா இலையும் கரித்தூளும் கிடந்தன. தம்பி மட்டும் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான்.

"வண்டி எங்கடா?"

"போயிருச்சுக்கா."

"நிறுத்தி வெக்கலயா நீயி?"

"சீட்டக் குடுத்தேங்க்கா" என்றான் அவன். என்னைப் பார்க்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவள் அவனையே பார்த்தாள். இப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

மாட்டுவண்டி ஒன்று கிடைத்தது. மணிக்கு இரண்டு மைல் என்றால் பத்து மைலுக்கு ஐந்து மணி நேரம் என்று நான் சொல்வதற்குள் டோலிக்காரர்கள் மூங்கிலைத் தூக்கிவிட்டார்கள். மலையில் அடியளந்து வைத்த அதே ஆட்கள் சமவெளி ரோட்டில் கிட்டத்தட்ட ஓடினார்கள். தம்பியும் ஒரு தோள் கொடுத்தான், தன் முறை முடிந்தும் மாற்றிக்கொடுக்காமல் ஓடினான். பத்து மைலுக்கு முப்பது தோள்மாத்து ஆனதாகப் பிற்பாடு சொன்னார்கள். மணிக்கு நான்கு மைல் என்று என் மண்டை தன்பாட்டில் கணக்குப் போட்டுவிட்டது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. நான் வண்டியில் பின்னால் வந்து, வெகுநேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தேன்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நான்குக்குப் பத்து நிமிஷம் இருந்ததாம். டாக்டர் உடனே கத்தி வைத்தார். குடல் கறுத்துப்போயிருந்தது. "ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்" என்றார். மூன்றாம் நாள் காலையில் அந்த மனிதர் இறந்துபோனார். உடம்பை மலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் கூடப் போகவில்லை. மருந்துப் பெட்டி வாங்க வேண்டும் என்று சொல்லிக் கீழேயே இரண்டு நாள் தங்கிக்கொண்டேன்.

அடுத்த சந்தைக்கு லாரிக்காரரைப் பார்த்தேன். அன்று அவர் வேகம் விசாரிக்கவில்லை. நான் கேட்காமலே சொன்னார்.

"பன்னெண்டே முக்கால் வரைக்கும் பார்த்தேனுங்க. சீட்டுல அப்படி எழுதியிருந்துச்சுங்களா, அதுக்கு மேல வரலேன்னதும் மேலயே முடிஞ்சு போச்சுன்னு நெனச்சுட்டேன். சர்க்கார் முத்திரை போட்ட சீட்டு பாருங்க."

"சீட்டு கொண்டுவந்த ஆள் ஒன்றும் சொல்லவில்லையா?"

"ஒண்ணுமே சொல்லலீங்க. சீட்டக் குடுத்துட்டு ஓரமா நின்னாரு. வண்டி கெளம்பறப்போ மட்டும் கதவப் புடிச்சுக்கிட்டுக் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தாரு. என்னப்பான்னு கேட்டேன். ஒண்ணுமில்லீங்கன்னாரு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ராத்திரி வரைக்கும் நின்னிருப்பேனே."

அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. என் கண் கலங்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ரிப்போர்ட்டில் நோயாளியின் பெயருக்கு நேரே, வேகம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அதற்கப்புறம் யாருக்கும் அந்தக் கட்டத்தை நிரப்பியதில்லை, யாரும் ஏன் என்று கேட்டதுமில்லை. இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. பெரக்கரை நாட்டிலிருந்து காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: அந்தப் பெண் தன் தம்பியை வீட்டுக்குள்ளேயே சேர்ப்பதில்லை. புருஷன் போனபின் உழுவதற்கு ஆளில்லை. அவன் விடியற்காலையில் வந்து அவள் காட்டை உழுதுவிட்டுப் போகிறான். அவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை.

என் தப்பை அவன் சுமக்கிறான் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சீட்டு எழுதியது நான், கடைசி வரி என்னுடையது, நாற்பது என்று சொன்னவனை அதட்டியதும் நான். போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தபிறகும் எட்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு காலையில் கிளம்பிப் பெரக்கரை நாட்டுக்கு நடந்தேன். கடிகாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனேன், எவ்வளவு நேரம் நடந்தேன் என்று தெரியாது.

அவள் வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு, கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். லாரி போனதற்குக் காரணம் உன் தம்பி அல்ல, நான். பன்னிரண்டரைக்கு மேல் நிற்க வேண்டாம் என்று எழுதியவன் நான். அவன் நாற்பது என்று சொன்னான், நான் கேட்கவில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், அவனை ஊட்டுக்குள் சேர்த்துக்கொள். பேச்சில் அவர்கள் ஊர்ச் சொல் ஒன்று எனக்கே தெரியாமல் வந்து கலந்திருந்தது.

அவள் பதறவில்லை. அழவும் இல்லை.

"எனக்குத் தெரியுமுங்க சாமி. நீங்க சீட்டப் படிச்சப்ப நானும் அங்கதான இருந்தேன்."

"தெரிந்தும் அவன்மேல் ஏன் கோபம்?"

"இருவத்தி நாலு இல்ல, நாப்பதுன்னு அவனுக்குத் தெரியுமுங்க. அந்தப் பாதையில எத்தனை டோலி தூக்கியிருக்கான். தெரிஞ்சுக்கிட்டே, தப்பான சீட்டக் கொண்டு போயிக் குடுத்துட்டு, வாயத் தொறக்காம நின்னானுங்க. காகிதத்துல இருக்குதே, சர்க்கார்ல சொல்லிட்டாங்களேன்னு நின்னான். உள்ள கெடந்தது அவன் மாமனுங்க."

"அவனை அதட்டி வாயை அடைத்தது நான்தானே?"

"அதட்டுனீங்க. மேல வெச்சு அதட்டுனீங்க. கீழ நீங்க இல்லீங்களே."

அப்படியானால் என்மேல் கோபமே இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்க வந்தவன், மன்னிப்பு எவ்வளவு கிடைக்கும் என்று அளந்து பார்க்க நினைத்தேன் போலிருக்கிறது.

அவள் உலக்கையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"உங்க மேல என்னங்க கோவம்? நீங்க தெரியாதவரு."

இரக்கத்தோடுதான் சொன்னாள். பச்சைக் குழந்தை கொட்டிவிட்ட பாலுக்காக அதனிடம் யாராவது கோபித்துக்கொள்வார்களா என்பது போல இருந்தது அந்தக் குரல். போகும்போது ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். நின்றபடியே குடித்தேன். காட்டில் அவள் தம்பி உழுதுகொண்டிருந்தது அங்கிருந்தே தெரிந்தது. வெயில் ஏறிவிட்டிருந்தது. அவன் ஏரை நிறுத்தி எங்கள் பக்கம் பார்த்தான்.

எனக்கு மாற்றல் வரும்வரை இன்னும் இரண்டு வருஷம் மலையில் இருந்தேன். அவள் காய்ச்சலுக்கு வந்தாள், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள், என் கையால் மருந்து வாங்கி என் முன்னாலேயே குடித்தாள். தம்பி கடைசிவரை அவள் வீட்டு வாசற்படி ஏறவில்லை. என்மீது மட்டும் அவளுக்குக் கோபம் வரவே இல்லை.